குறைந்த பட்ஜெட்டில் நல்ல டிரிப் காபி மேக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

டிரிப் காபி மேக்கருக்குள் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. டேங்கில் ஊற்றிய தண்ணீர் அடியில் உள்ள ஹீட்டர் குழாய்க்குள் இறங்கிக் கொதிக்கிறது. அப்போது எழும் ஆவிக் குமிழ்கள் தண்ணீரை மேலே தள்ள, அது காபித்தூள் மேல் சொட்டி ஃபில்டர் வழியாக ஜக்கில் இறங்குகிறது. விலை குறைந்தவற்றில் மட்டுமல்ல, விலை கூடிய பலவற்றிலும் இதே அமைப்புதான். எனவே பட்டன்களை எண்ணிப் பார்க்க வேண்டாம். தண்ணீர் போதுமான சூட்டில், போதுமான வேகத்தில், தூள் முழுவதையும் நனைக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 1: கொள்ளளவை லிட்டரில் பாருங்கள்

பெட்டியில் '10 கப்' என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அந்தக் கப் பெரும்பாலும் 125 முதல் 150 மி.லி. வரைதான். இருவருக்கு 600 மி.லி. தாராளம். 'இருக்கட்டுமே' என்று பெரிதாக வாங்கினால், தினமும் கால்வாசி மட்டும் ஊற்றிப் போட வேண்டியிருக்கும். அகலமான ஃபில்டர் கூடையில் தூள் மெல்லிசாகப் பரவி, தண்ணீர் சட்டென்று ஓடிவிடும். காபி சப்பென்று இருக்கும்.

படி 2: வாட்டைக் கொள்ளளவோடு ஒப்பிடுங்கள்

பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். காபி நன்றாக இறங்க, தூளைத் தொடும் தண்ணீர் 90 முதல் 96 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். மொத்தமும் 4 முதல் 8 நிமிடங்களுக்குள் இறங்கி முடிய வேண்டும். 25 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 95 டிகிரிக்குக் கொண்டுவர, 800 வாட் ஹீட்டருக்கு வெப்ப இழப்பைக் கணக்கில் எடுக்காமலே 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகவே ஒரு லிட்டருக்குக் குறைந்தது 800 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 600 மி.லி. மெஷினுக்கு 500 வாட்டே போதும். 1.25 லிட்டர் மெஷினில் 650 வாட் என்று இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். முழு ஜக் இறங்க 9 நிமிடத்துக்கு மேல் ஆகும், கசப்பு ஏறிவிடும். மெஷினின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வாட் எழுதியிருக்கும்.

படி 3: மூடியைத் திறந்து பாருங்கள்

தண்ணீர் விழும் இடத்தில் ஒரே துளை இருந்தால் தூளின் நடுவில் மட்டும் குழி விழும், ஓரம் காய்ந்தே கிடக்கும். பல துளைகள் உள்ளதே நல்லது. கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை: முதல் அரை நிமிடம் தண்ணீர் விழுந்ததும் மூடியைத் திறந்து, கரண்டியால் ஒருமுறை மெதுவாகக் கலக்கிவிடுங்கள். ஆவி சுடும், கை பத்திரம்.

கூடைக்கு எந்த அளவு பேப்பர் ஃபில்டர் வேண்டும், அது எளிதாகக் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். கூடவே வரும் நைலான் வலையால் செலவு மிச்சம். ஆனால் எண்ணெயும் நுண்தூளும் கோப்பைக்குள் வந்துவிடும். தெளிந்த காபி வேண்டுமென்றால் பேப்பர்தான்.

படி 4: ஜக்

பட்ஜெட்டுக்குள் வருவது பெரும்பாலும் கண்ணாடி ஜக்கும் ஹாட் பிளேட்டும்தான். ஹாட் பிளேட் காபியைச் சூடாக வைக்கிறது என்பதைவிட, மெல்ல மெல்ல மேலும் சமைக்கிறது என்பதே சரி. 20 நிமிடத்துக்கு மேல் அதன்மேல் விடாதீர்கள். மீதியை ஃபிளாஸ்க்குக்கு மாற்றுங்கள். தானாக அணையும் வசதி இருப்பது பாதுகாப்புக்கு அவசியம். முதலில் உடைவது ஜக்தான் என்பதால், அது தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

டைமர், டிஜிட்டல் திரை போன்றவற்றைத் தாராளமாக விட்டுவிடலாம். அந்தப் பணத்தைக் கையால் சுற்றும் பர் கிரைண்டருக்கு (காபிக்கொட்டையை ஒரே சீராக அரைக்கும் கருவி) கொடுங்கள். சுவையில் அது செய்யும் மாற்றத்தை எந்தப் பட்டனும் செய்யாது.

படி 5: முதல் காபி

வெறும் தண்ணீரை இரண்டு முறை ஓடவிட்டுக் கொட்டுங்கள். பிளாஸ்டிக் வாடை போய்விடும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால், இரண்டாம் முறை பாதித் தண்ணீர் இறங்கியதும் கூடையில் விழும் நீரில் வைத்துப் பாருங்கள். 85-ஐத் தாண்டவில்லை என்றால் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

ஒரு லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள், 600 மி.லி.க்குச் சுமார் 35 கிராம். அரைப்பு சாதாரண மணல் போல இருக்கட்டும். ஊற்றியதைவிடக் காபி குறைவாக இறங்கினால் பதற வேண்டாம். ஒரு கிராம் தூள் ஏறக்குறைய 2 கிராம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்.

காபி நீர்த்து, புளித்தால் அரைப்பு பெருசு. கசந்தால் பொடுசு. கூடை நிரம்பி வழிந்தால் தூள் மிகப் பொடியாக இருக்கலாம், பேப்பர் மடிந்திருக்கலாம். ஜக் சரியாகப் பொருந்தாமல் சொட்டு நிறுத்தும் வால்வு திறக்காமலும் இருக்கலாம்.

வழக்கத்தைவிட மெதுவாக, அதிகச் சத்தத்துடன் இறங்கத் தொடங்கினால் ஹீட்டர் குழாயில் உப்புப் படிந்திருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து டேங்கில் ஊற்றுங்கள். பாதி இறங்கியதும் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு மீதியையும் ஓடவிட்டு, வெறும் தண்ணீரால் இரண்டு முறை அலசுங்கள்.