கிளைகளை எண்ணும் பழக்கம்

நிச்சயமில்லாதபோது எப்படி முடிவெடுப்பது என்று ஆராயும் முடிவுக் கோட்பாட்டு வகுப்பில் இணை உலகங்களைப் பற்றிய பேச்சு எழுந்ததும், மாணவப் பருவத்தில் நான் கரும்பலகையில் எழுதிய அதே தவறான கணக்கை இன்றும் யாராவது ஒருவர் எழுந்து வந்து எழுதிவிடுகிறார். அதையும் அதுபோல் திரும்பத் திரும்ப வரும் பிழைகளையும் இங்கே தொகுக்கிறேன். நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1 ஆக வேண்டும் என்பதை மறப்பது போன்ற சில்லறைப் பிழைகளை அவர்களே இரண்டாம் வாரத்தில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இரண்டு கிளை என்றால் பாதிக்குப் பாதி என்று கொள்வது

ஹியூ எவரெட் பிரின்ஸ்டனில் ஆய்வேடாக எழுதி 1957இல் வெளியிட்ட விளக்கத்தின்படி, குவாண்டம் அளவீட்டின் எல்லா விளைவுகளும் அலைச்சார்பின், அதாவது குவாண்டம் நிலையை விவரிக்கும் கணிதச் சார்பின், வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன; இணை உலகங்கள் என்பவை இந்தக் கிளைகளே. இதைக் கேட்டவுடன் புதிதாகப் படிப்பவர் கிளைகளை எண்ணத் தொடங்குகிறார். நூறு ஃபோட்டான்களில் (ஒளித்துகள்களில்) சராசரியாகத் தொண்ணூறை ஊடுருவவிட்டு, பத்தைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஒரு ஃபோட்டான் ஊடுருவினால் உங்களுக்கு 100 ரூபாய் கிடைக்கும். திரும்பினால் 300 ரூபாய் நீங்கள் தர வேண்டும். கிளைகளை எண்ணுபவர், சராசரியாக 100 ரூபாய் நட்டம் என்று கணக்கிட்டுப் பந்தயத்திலிருந்து விலகிவிடுவார். ஒவ்வொரு கிளைக்கும் அலைச்சார்பு தரும் எண்ணான வீச்சின் வர்க்கமே அதன் நிகழ்தகவு என்ற மாக்ஸ் போர்னின் 1926ஆம் ஆண்டு விதியின்படி பார்த்தால், 90 கழித்தல் 30, அதாவது 60 ரூபாய் லாபம். (அந்த வர்க்கம் போர்னின் கட்டுரையில் நுழைந்ததே அச்சுப்படி திருத்தும்போது சேர்த்த ஓர் அடிக்குறிப்பில்தான்.)

இந்தப் பிழையின்மேல் என் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே எழுப்பியிருந்தேன். எட்டு மாத உழைப்பு. நெறியாளர் அதைப் படித்துவிட்டு, என் வரைபடத்தில் ஃபோட்டான் திரும்பிய கிளையின் நுனியில் பென்சிலால் ஒரு கவட்டை வரைந்தார். "இந்தப் பக்கம் இருப்பவர் அதற்குப் பிறகு ஒரு குவாண்டம் நாணயத்தைச் சுண்டினால் என்ன ஆகும், தம்பி?" என்று கேட்டார். குவாண்டம் நாணயம் என்பது இரண்டு விளைவுகளுக்கும் சம வாய்ப்புள்ள ஒரு குவாண்டம் அளவீடு. அதைச் சுண்டினால் கிளைகள் மூன்றாகிவிடும், திரும்பியதற்கான வாய்ப்பு என் முறைப்படி இரண்டில் ஒன்றிலிருந்து மூன்றில் இரண்டாக ஏறிவிடும். ஃபோட்டான் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்ட பின், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாணயம் பழைய வாய்ப்பை மாற்றிவிடுகிறது. போர்ன் விதி தரும் நிகழ்தகவை, அதாவது கிளையின் எடையை, வைத்துக் கணக்கிட்டால் இந்தக் கோளாறு வராது, 0.1 என்பது 0.05, 0.05 என்று பிரியுமே தவிர, கூட்டுத்தொகை அப்படியே இருக்கும். மேலும், காற்று மூலக்கூறும் வெளிச்சமும் படும்போதெல்லாம் கிளைகள் பிரிந்துகொண்டே இருப்பதால், மொத்தம் எத்தனை என்ற கேள்விக்கே திட்டமான விடை கிடையாது.

இவ்வளவையும் விளக்கிய பிறகு, "எல்லா உலகமும் சமமாக உண்மைதானே, ஐயா?" என்று கேட்கிறார்களே, அதுதான் எனக்கு இன்றும் எரிச்சலைத் தருகிறது. சமமாக உண்மையாக இருப்பது வேறு, சம எடையோடு இருப்பது வேறு. பகுத்தறிவுள்ள ஒருவர் ஏன் அந்த எடைகளின்படி பந்தயம் கட்ட வேண்டும் என்பதை முடிவுக் கோட்பாட்டிலிருந்தே வருவிக்க டேவிட் டாய்ச் 1999இல் முயன்றார்; டேவிட் வாலஸ் அதை விரிவாக்கினார். அந்த நிறுவல் சுற்றுவாதம் என்போரும் உண்டு. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருப்பதாகவே நானும் நினைக்கிறேன். ஆனால் அதனால் என் எட்டு மாதக் கணக்கு சரியாகிவிடவில்லை.

விரலால் சுண்டிய ரூபாயை குவாண்டம் நாணயம் என்பது

ஆகாது.

நியூகோம் பெட்டிகளின் முன் "அப்படி ஒரு ஜோசியர் கிடையாது" என்று நழுவுவது

ராபர்ட் நோசிக் 1969இல் எழுதிய கட்டுரையால் பரவிய இந்தப் புதிரில், உங்கள் முன் இரண்டு பெட்டிகள்; மூடியதை மட்டும் எடுக்கலாம், அல்லது இரண்டையும் எடுக்கலாம். திறந்த பெட்டியில் 1,000 டாலர் இருக்கும். மூடிய பெட்டியை மட்டும் நீங்கள் எடுப்பீர்கள் என்று ஒரு ஜோசியர் முன்கணித்திருந்தால் அதில் பத்து லட்சம் டாலர் இருக்கும், இல்லாவிட்டால் அது காலி. பிழையே செய்யாத ஜோசியர் இதற்குத் தேவையில்லை, கணிப்பு 50.05 விழுக்காட்டைத் தாண்டினாலே, உங்கள் தேர்வைச் சான்றாகக் கொள்ளும் கணக்கு மூடிய பெட்டியை மட்டும் எடுக்கச் சொல்லும். இரண்டையும் எடுப்பவர் இந்த எண்ணை மறுப்பதில்லை. பணம் வைத்தாயிற்று, இனி என் கை எதைத் தொட்டாலும் அது மாறாது என்கிறார்.

"வேறோர் உலகில் சரியாக முடிவெடுத்திருப்பேன்" என்று ஆறுதல் கொள்வது

எவரெட்டின் கிளைகள் குவாண்டம் நிகழ்வுகளால் பிரிபவை. காலையில் இட்லியா தோசையா என்று நீங்கள் தயங்குவதால் பிரிபவை அல்ல.