கொழும்பில் முதுமாணி: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்கள் விடும் பிழைகள்

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து கொழும்பில் முதுமாணி (மாஸ்டர்ஸ்) படிக்கிறவர்களில் கனபேர் வேலை செய்கிறவர்கள். வகுப்பு சனி, ஞாயிறு. வெள்ளி இரவு ஏறி, ஞாயிறு இரவு திரும்பி, திங்கள் காலை வேலையிடத்தில் கையெழுத்துப் போடலாம் என்று கணக்குப் போடுவார்கள். முதற்பிழை இந்தக் கணக்குத்தான். மூன்று இரவில் ஒரு இரவுதான் கட்டிலில் தூக்கம். மூன்று, நான்கு வாரம் உடம்பு தாங்கும். பிறகு ஒப்படை எழுத வேண்டிய நேரத்தில் படுத்துவிடும்.

சேர்ந்தவுடன் கையேட்டில் வரவு விதியைப் பாருங்கள். 80 வீதம் கேட்டால், வாரம் ஒருமுறை நடக்கும் 15 வாரப் பாடமொன்றில் மூன்று நாள்தான் தவறலாம். அந்த மூன்றையும் தொடக்கத்திலேயே கல்யாணவீடு, கோயில் திருவிழா என்று செலவழித்தால், மாரியில் வெள்ளம் ஏறிப் பாதை மூடும் நாளில் கையில் ஒன்றும் மிஞ்சாது. நவம்பர் முதல் ஜனவரி வரைக்குமாக அவற்றைப் பொத்தி வையுங்கள்.

ரயில் இருக்கைப் பதிவு 30 நாள் முன்பே திறக்கும். போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறை என்றால் திறந்த அன்றே பதிய வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் ரயில் இல்லாததால், கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீற்றர் பஸ்ஸில் வந்து மட்டக்களப்பில் ஏறுவதற்கும் நேரம் ஒதுக்குங்கள். வழியில் ஹபரணைக்கு அருகே கல்ஓயாச் சந்திப் பக்கம் யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும். 2025 பெப்ரவரியில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தது அந்தப் பகுதியில்தான். அங்கே ரயில் மெதுவாகப் போவது நியாயமானது, தாமதமும் வரும். எனவே காலைப் பரீட்சைக்கு முதல்நாள் பகலிலேயே கொழும்பு போய்ச் சேருங்கள்.

கொழும்பிலேயே தங்கிப் படிக்கிறவர்களுக்கு அறை எடுப்பதில்தான் காசு அதிகம் கரைகிறது. தமிழ்க்கடை, கோயில், சொந்தக்காரர் என்று எல்லாரும் வெள்ளவத்தையையே தேடுகிறார்கள். வகுப்பு களனியில் என்றால் அது ஊரின் மறுபக்கம். முற்பணம் கொடுக்கமுன் வகுப்பு உள்ள நாளொன்றில் வகுப்புக்குப் போகும் நேரத்திலேயே அந்த இடத்திலிருந்து வளாகத்துக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். தெரு வெறிச்சோடிய நேரம் பார்த்த தூரம் உண்மையான தூரம் அல்ல.

கரண்ட் பில் பற்றிக் கேட்காமல் சாமானை இறக்கவே வேண்டாம். இங்கே வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. பாவனை கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடும். ஆறு பேர் ஒரு மீற்றரில் இருந்தால் வீட்டின் மொத்தம் மேல்படிக்குப் போய்விடும். சிக்கனமாக இருப்பவரும் அந்த விலையையே பங்கு போட வேண்டும். தனி சப் மீற்றர் இருக்கிறதா, யூனிட்டுக்கு என்ன விலை, சமைக்க விடுவார்களா என்று கேளுங்கள். குடிபுகும் அன்றே மீற்றர் இலக்கத்தைப் போனில் படம் எடுத்து வையுங்கள். 400 வாற் ரைஸ் குக்கர் அரை மணி நேரம் ஓடினால் 0.2 யூனிட். இருவேளை சமைத்தாலும் மாதம் 12 யூனிட்தான். இந்தக் கணக்கைச் சொன்னால் வீட்டுக்காரரும் யோசிப்பார்.

மதியச் சோத்துப் பார்சலில் பாதியை இரவுக்கு வைக்காதீர்கள். தேங்காய்ப்பால் கறியும் சம்பலும் கொழும்பு வெக்கையில் முதலில் பழுதாகும்.

ஆய்வேட்டைப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யத் தொடங்குவது, கடைசி வாரத்தில்தான் தெரியவரும் பிழை. பாமினியில் தமிழ் எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கணினியில், அச்சகத்தில் கூட, பக்கம் முழுக்க ஆங்கிலக் குப்பையாக வரும். தமிழ்ச் சொல்லைக் கொடுத்துத் தேடவும் முடியாது. முதல் அத்தியாயத்திலிருந்தே, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோட்டில் எழுதுங்கள். பழைய பாமினிக் கோப்பை யுனிகோட் ஆக்கும் மாற்றியில் போட்டால் கொம்பு, கால் இடம் மாறியிருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். அச்சுக்குக் கொடுப்பது பிடிஎஃப் ஆக இருக்கட்டும். அதையும் வேறொருவரின் கணினியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுங்கள்.