சிறையில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது குடும்பத்தினர் செய்யும் தவறுகள்

என் தம்பி சிறையில் இருந்தபோது அவனைப் பார்க்க முதல்முறையாகக் கிடைத்தது 15 நிமிடம். அந்த 15 நிமிடத்தையும் வக்கீல் ஃபீஸ், ஜாமீன், யார் யார் என்ன சொன்னார்கள் என்று பேசியே கரைத்துவிட்டேன். நேரம் முடிந்தது என்று காவலர் கையைக் காட்டியதும் அவன் எழுந்தான். அதுவரை எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தவன், என் தோளைப் பார்த்து, "வெளியில மழையா அக்கா?" என்று கேட்டான். துணி நனைந்திருந்ததைக் கவனித்திருக்கிறான். நான் பதில் சொல்வதற்குள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வழக்கைப் பற்றிச் சொல்ல அவனுக்கு வக்கீல் இருக்கிறார், மழையைப் பற்றிச் சொல்ல நாங்கள்தானே இருக்கிறோம் என்று வீடு வந்து சேரும்வரை மனசு அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் 3 வருடம் மனு பார்க்கப் போய்வந்தேன்; சிறைச் சந்திப்பை அங்கே மனு என்றுதான் சொல்வார்கள். வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் செய்த தவறுகளைப் பார்த்தேன். நானும் நிறையச் செய்தேன். முதல்முறையாக அந்த வாசலுக்குப் போகப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

வாசலிலேயே திரும்பி வருவது

விசாரிக்காமல் கிளம்பிவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. எந்தக் கிழமைகளில் பார்க்கலாம், ஒரு தடவைக்கு எத்தனை பேர், முன்பதிவு வேண்டுமா, குழந்தையை அழைத்துப் போகலாமா என்பதெல்லாம் சிறைக்குச் சிறை மாறும். விசாரணைக் கைதிக்கு ஒரு விதி, தண்டனைக் கைதிக்கு வேறு விதி என்றும் இருக்கும். பல இடங்களில், தன்னைப் பார்க்க வரக்கூடியவர்கள் என்று கைதி கொடுத்த பட்டியலில் பெயர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் பட்டியலில் கொடுத்துவிட்டு வாசலில் வாதாடிப் பயனில்லை.

ஒரு நாள் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா நின்றிருந்தார். இரவு முழுக்கப் பயணம் செய்து வந்திருந்தார். பேரனை 2 நாளுக்கு முன்பே வேறு சிறைக்கு மாற்றிவிட்டதாக கவுண்டரில் இருந்தவர் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. "அப்போ நாளைக்கு இங்க வந்துருவானா?" என்று கேட்டார். கையில் நாலாக மடித்த காகிதத்தில் பேரனின் கைதி எண் இருந்தது. அதையே திரும்பத் திரும்ப நீட்டிக்கொண்டிருந்தார்.

வேறு சிறைக்கு மாற்றினால் அதைக் குடும்பத்துக்கு உடனே தெரிவிக்கும் உரிமை கைதிக்கு உண்டு என்று ஐ.நா. விதிகள் சொல்கின்றன. ஆனால் தகவல் வந்து சேர்வதற்குள் நீங்கள் பஸ் ஏறியிருக்கலாம். அதனால் முந்தின நாள் ஒரு போன் போட்டு, பெயரையும் கைதி எண்ணையும் சொல்லி, அவர் அங்கேதான் இருக்கிறாரா, நாளை பார்க்க முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, கையில் கொண்டுபோகும் பொருட்கள். அனுமதி இல்லாத பொருளை ஆசையில் ஒளித்துக் கொண்டுபோனால் உங்களைத் திருப்பி அனுப்புவதோடு முடியாது. தண்டனை உள்ளே இருப்பவர் தலையில் விழும், வருகையே நிறுத்தப்படலாம், உங்கள் மேலும் வழக்கு வரலாம். இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. வரிசையில் பழக்கமான ஒருவர், "என் பையனும் அதே பிளாக்தான், இந்தச் சின்னப் பொட்டலத்தை உங்க ஆள்கிட்ட குடுத்துடுங்க" என்று கெஞ்சுவார். பாவமாக இருக்கும். வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

வருகிறவர்களைச் சோதனை போடுவது எல்லாச் சிறையிலும் உண்டு. அவமானமாகத்தான் இருக்கும், அதற்காகக் காவலரிடம் கத்தினால் அன்றைய சந்திப்பு போய்விடும். அதேசமயம், சோதனை இழிவுபடுத்துவதாக இருக்கக் கூடாது, குழந்தைகளின் உடலுக்குள் சோதிக்கவே கூடாது என்பது ஐ.நா. வகுத்த வரம்பு. சோதனைக்குச் சம்மதிக்காமல் பின்வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது உள்ளே விட மறுப்பார்கள். வரம்பு மீறியதாகத் தோன்றினால் பார்த்துவிட்டு வந்தபின் எழுத்தில் கொடுங்கள்.

எதைப் பேசுவது, எதைப் பேசக்கூடாது

வழக்கின் உள்விவரங்களைச் சந்திப்பு அறையில் பேசாதீர்கள். சாட்சி யார், அன்றைக்கு உண்மையில் என்ன நடந்தது, எந்த ஆவணம் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அங்கே வேண்டாம். வக்கீல் சந்திப்பைக் காவலர் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கக் கூடாது என்பது சர்வதேச விதி. குடும்பச் சந்திப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. தொலைபேசிப் பேச்சு பதிவாகலாம், கடிதத்தைப் பிரித்துப் படிக்கலாம். "யாருக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டுவிட்டுச் சொல்லும் விஷயம்தான் பிறகு நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

அப்புறம், "எப்படி இருக்கே?" என்ற கேள்வி. இதற்கு உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நல்லா இருக்கேன்." நீங்கள் உடைந்துவிடக் கூடாதே என்று சொல்கிறார்கள். அதனால் சின்னச் சின்னதாகக் கேட்கப் பழகினேன். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினே? பக்கத்தில் படுப்பவர் யாரு? கடைசியா எப்போ வெளியில திறந்த இடத்துல நடந்தே? போன வாரம் சொன்ன இருமல் நின்னுச்சா? இப்படிக் கேட்டால் பதில் வரும், முகமும் பேசும். ஒருமுறை பக்கத்தில் படுப்பவரைப் பற்றிக் கேட்டதும் தம்பி காவலர் பக்கம் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தான். வேறு எதுவும் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லி இடம் மாற்றக் கேட்டோம்.

பெரிய கெட்ட செய்தியைக் கடைசி 2 நிமிடத்தில் சொல்லிவிட்டு எழுந்து வருவது மிகப் பெரிய தவறு. அப்பா இறந்தது, மனைவி பிரிய முடிவெடுத்தது, மேல்முறையீடு தள்ளுபடியானது போன்ற செய்திகளை மறைக்கவும் வேண்டாம். சந்திப்பின் தொடக்கத்திலேயே சொல்லி, மிச்ச நேரம் கூடவே இருங்கள். கிளம்பும்போது பொறுப்பில் உள்ள அதிகாரியிடம், "இன்னிக்கு இந்தச் செய்தி சொல்லியிருக்கோம், கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்று தயங்காமல் சொல்லுங்கள். சிறைக்குப் போன முதல் நாட்கள், தீர்ப்பு வந்த சமயம், குடும்பத்திலிருந்து கெட்ட செய்தி வந்த சமயம் எல்லாம் தற்கொலை எண்ணம் எழக்கூடிய நேரங்கள். "இனிமே என்னைப் பார்க்க அலையாதீங்க, பிள்ளைகளைப் பார்த்துக்கோங்க" என்று ஒருவர் அமைதியாகச் சொன்னால், அதை விரக்திப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். அவரிடமே நேராகக் கேளுங்கள். சிறை மருத்துவருக்கோ அதிகாரிக்கோ அன்றே, அந்த வளாகத்தை விட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

குழந்தைகளிடம் சொல்லும் பொய்

"அப்பா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்." நாங்களும் இதைத்தான் என் தம்பி மகளிடம் சொன்னோம். அவளுக்கு அப்போது 6 வயது. 4 மாதம் கழித்து, விளையாடும்போது வேறொரு குழந்தை அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. அவள் அழவில்லை. வீட்டுக்கு வந்து, "வெளிநாட்டிலயும் ஜெயில் இருக்கா அத்தை?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் பொய்யையும் காப்பாற்றி, தான் கேட்டதையும் சேர்த்துவைக்கப் பார்த்திருக்கிறாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

வயதுக்குத் தக்க மாதிரி உண்மையைச் சொல்லலாம். அப்பா ஒரு விதியை மீறியதாகச் சொல்கிறார்கள், அதனால் ஒரு இடத்தில் தங்கவைத்திருக்கிறார்கள், அவர் பத்திரமாக இருக்கிறார், இது உன்னால் நடந்தது இல்லை, இன்ன கிழமை போய்ப் பார்க்கலாம். இவ்வளவு போதும். கடைசிக்கு முந்தினதை விட்டுவிடாதீர்கள். தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று நினைக்கும் குழந்தைகள் உண்டு.

கூட்டிக்கொண்டு போவதற்கு முன்பு அங்கே என்ன இருக்கும் என்று சொல்லிவையுங்கள். பெரிய கதவு இருக்கும், சீருடைக்காரர்கள் இருப்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள், நடுவில் கண்ணாடியோ கம்பியோ இருக்கலாம், அப்பாவைத் தொட முடியாமல் போகலாம். பெண் கைதிகளுக்காக 2010-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட பாங்காக் விதிகள், குழந்தைகள் வரும் சந்திப்பு அவர்களுக்கு நல்ல அனுபவமாக அமையும் சூழலில் நடக்க வேண்டும் என்கின்றன. அப்படி ஏற்பாடு செய்திருக்கும் சிறைகள் இருக்கின்றன. குழந்தைகளுக்குத் தனி நேரமோ தனி இடமோ உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தாமாகச் சொல்வதில்லை.

"ஜெயில்னா அப்படித்தான்"

உள்ளே நிலைமை மோசம் என்று தெரிந்தும் குடும்பங்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. அப்படி இல்லை. 1955-ல் உருவாகி, 2015-ல் திருத்தப்பட்டு, நெல்சன் மண்டேலா பெயரைத் தாங்கி நிற்கும் ஐ.நா. விதிகள் மொத்தம் 122. உடலுக்குப் போதுமான சத்துள்ள உணவு, தேவைப்படும்போதெல்லாம் குடிநீர், தனிப் படுக்கை, தினம் குறைந்தது 1 மணி நேரம் திறந்தவெளி உடற்பயிற்சி, வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் இலவச மருத்துவம் என்று அவற்றில் தெளிவாக இருக்கிறது. தண்டனை என்ற பெயரில் குடும்பத் தொடர்பை அடியோடு தடை செய்யக் கூடாது என்று 43-வது விதி சொல்கிறது. அது நடக்கும் முறையை மட்டும், பாதுகாப்புக்குத் தேவையான அளவு, குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டுப்படுத்தலாம். தனிமைச் சிறை தொடர்ந்து 15 நாளைத் தாண்டக் கூடாது. இவை நேரடிச் சட்டம் ஆகாது, அந்தந்த நாட்டின் சிறை விதிகள்தான் நடைமுறை. ஆனாலும் மனு எழுதும்போது எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து எழுத இவை பெரிய பலம்.

மருந்து விஷயத்தில் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். சர்க்கரை, வலிப்பு, மனநல மருந்துகள் திடீரென்று நின்றால் ஆபத்து. மாத்திரையை ஒளித்துக் கொண்டுபோக முயலாமல், மருத்துவச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவருக்குக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேளுங்கள். நெரிசலான சிறைகளில் காசநோயும் சொறி சிரங்கும் எளிதில் பரவும். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

புகார் கொடுக்கும் முன் ஒரு காரியம் செய்ய வேண்டும். உள்ளே இருப்பவரிடம் கேட்க வேண்டும். கோபத்தில் நாம் எதையோ எழுதிப் போட்டுவிட்டு வீட்டில் தூங்குவோம். அன்று ராத்திரி அதே அறையில் இருக்கப்போவது அவர். புகார் செய்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் அந்த விதி நடு ராத்திரியில் அவர் பக்கத்தில் நிற்காது. அவர் சம்மதத்தோடு, தேதி, நேரம், நடந்தது மட்டும் எழுதி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டாம், வக்கீலைக் கூப்பிடுங்கள்.

பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளே கேன்டீன் கணக்கு இருந்தால் அதிகாரப்பூர்வ வழியில், அளவாக, மாதாமாதம் போடுங்கள். மொத்தமாகப் போட்டால் கண் படும், கடன் கேட்பார்கள், மிரட்டுவார்கள். திடீரென்று வழக்கத்தைவிட அதிகம் கேட்டாலோ, தெரியாத யாருடைய கணக்குக்கோ அனுப்பச் சொன்னாலோ, அவர் யாருக்கோ பயந்து கேட்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வருவேன் என்று சொல்லிவிட்டு வராமல் போவது

அந்த விதிகளுக்குப் பெயர் தந்த மண்டேலா, தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறையில் இருந்த ஆரம்ப ஆண்டுகளில் அவருக்கு 6 மாதத்துக்கு ஒரு பார்வையாளர், ஒரு கடிதம். மனைவியின் கையைத் தொட அவருக்கு 1984 வரை, 20 வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த கடிதத்திலும் தணிக்கைக்காரர்கள் வரிகளை வெட்டி எடுத்துவிட்டுக் கொடுத்தார்கள்.

உள்ளே இருப்பவர்களுக்கு நாட்காட்டி என்பதே அடுத்த சந்திப்புத் தேதிதான். தம்பி சொல்வான், மனு நாளன்று காலையிலேயே சட்டையைத் தண்ணீர் தொட்டு நீவி மடிப்பு எடுப்பார்களாம். பெயர் கூப்பிடாமல் போனவர் அன்று யாரோடும் பேச மாட்டாராம். ஆகவே மாதம் 4 தடவை வருகிறேன் என்று சொல்லி 2 தடவை போவதைவிட, 1 தடவை என்று சொல்லி அதைத் தவறாமல் போங்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில சிறைத் துறை, 2003 முதல் 2007 வரை விடுதலையான 16,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2011-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. உள்ளே இருந்தபோது பார்க்க ஆள் வந்தவர்கள் மறுபடி குற்றத் தண்டனை பெறும் வாய்ப்பு 13 சதவீதம் குறைவு என்று அதில் கண்டார்கள்.

போக முடியாதபோது கடிதம் எழுதுங்கள். தேதியும் வரிசை எண்ணும் போடுங்கள். நடுவில் ஒன்று வராவிட்டால் அவருக்குத் தெரியும். என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டுச் சுவருக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள், மகளுக்கு எந்தப் பல் விழுந்தது, எத்தனை நாள் மழை பெய்தது என்று எழுதுங்கள். என் தம்பி அந்தக் கடிதங்களை மடிப்பு கிழியும்வரை படித்திருந்தான்.

விடுதலை நாளுக்கு என்று ஒரு சின்ன விஷயம். எத்தனை மணிக்கு, எந்த வாசல் வழியாக விடுவார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். போட்டுக்கொள்ளப் பழைய துணியை எடுத்துப் போனேன்; கால்சட்டை இடுப்பில் நிற்காமல், ஒரு கையால் பிடித்துக்கொண்டே தம்பி அந்த வாசலைத் தாண்டி வந்தான். கடைசிச் சந்திப்பிலேயே அளவு கேட்டுவிடுங்கள்.