கல்லாவிலிருந்து வாசலுக்கு: சிறு இணையக்கடையின் தளத்தைச் சரிசெய்யும் முறை

விற்பனை மந்தமானால் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது முகப்புப் பக்கத்தில்தான். பேனரை மாற்றுவார்கள், நிறத்தை மாற்றுவார்கள், புதுத் தீம் வாங்கிப் போடுவார்கள். தளம் பளிச்சென்று ஆகும், ஆர்டர் எண்ணிக்கை இருந்த இடத்திலேயே நிற்கும். தொடங்க வேண்டிய இடம் மறுமுனை: பணம் கட்டும் பக்கம். அதுவரை வந்தவர் வாங்குவதென்று முடிவெடுத்துவிட்டவர். அவரை இழப்பதுதான் பெரிய நட்டம். அவரைத் தக்கவைப்பதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு. முதலில் கல்லாவைச் சரிசெய்யுங்கள். பிறகு கூடை, பொருள் பக்கம், தேடல், முகப்பு என்று ஒவ்வொன்றாக வாசல் வரை வாருங்கள்.

எங்கே ஒழுகுகிறது?

தளத்துக்கு வருபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-இல் கடைகளுக்கென்றே சில நிகழ்வுகள் உண்டு. அவற்றில் நான்கு போதும்: பொருளைப் பார்த்தது, கூடையில் போட்டது, செக்அவுட் (பணம் கட்டும் படி) தொடங்கியது, வாங்கி முடித்தது. கடை நடத்தும் மென்பொருள்கள் பெரும்பாலானவற்றில் இவற்றைப் பதிவுசெய்ய ஒரு ப்ளகின் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) கிடைக்கும். 30 நாள் எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதுங்கள். 1,000 பேர் வந்தார்கள், 600 பேர் ஏதோ ஒரு பொருளைப் பார்த்தார்கள், 60 பேர் கூடையில் போட்டார்கள், 30 பேர் செக்அவுட் தொடங்கினார்கள், 12 பேர் பணம் கட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் படிவரை வந்த 18 பேர் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஆறு பேரைத் தக்கவைத்தாலே விற்பனை ஒன்றரை மடங்கு. அதே ஆறு ஆர்டரை விளம்பரத்தால் பெற வேண்டுமென்றால் இன்னும் 500 பேரைக் காசு கொடுத்துக் கூட்டிவர வேண்டும்.

இந்த எண்களை மொபைல், கணினி என்று பிரித்தும், பிரவுசர் வாரியாகவும் பாருங்கள். ஒரு பிரவுசரில் மட்டும் கூடை நிறைகிறது, ஒருவர்கூட வாங்கி முடிப்பதில்லை என்றால், வாடிக்கையாளரின் மனசை ஆராய வேண்டியதில்லை; அங்கே ஏதோ உடைந்துகிடக்கிறது.

அனலிட்டிக்ஸ் சொல்லும் விற்பனைக் கணக்கை அப்படியே நம்பவும் வேண்டாம். நன்றிப் பக்கத்தை ஒருவர் மறுபடி திறந்தால் ஒரே ஆர்டர் இரண்டாகப் பதிவாகலாம். நிகழ்வோடு ஆர்டர் எண்ணும் சேர்ந்து போகும்படி அமைத்தால் அது நிற்கும். பணம் கட்டிய கையோடு பக்கத்தை மூடிவிடுபவர்களும், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களும் கணக்கில் வராமல் போவார்கள். வாடிக்கையாளரின் பணத்தை வாங்கித் தரும் சேவையான பேமெண்ட் கேட்வேயின் கணக்கோடு வாரம் ஒருமுறை ஒத்துப்பாருங்கள். கொஞ்சம் முன்பின் இருப்பது சகஜம். திடீரென்று இடைவெளி அகன்றால் எதையோ கவனிக்க வேண்டும்.

கல்லா

உங்கள் கடையில் நீங்களே ஒரு பொருள் வாங்குங்கள். இருப்பதிலேயே விலை குறைந்ததை எடுங்கள், உண்மையான பணம் கட்டுங்கள், பிறகு ரீஃபண்ட் செய்துகொள்ளுங்கள். சுமாரான ஒரு மொபைலில், வைஃபையை அணைத்துவிட்டு, இன்காக்னிட்டோ ஜன்னலில் செய்ய வேண்டும். கடை வைத்திருப்பவரின் பிரவுசரில் எல்லாம் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். அவருக்கு மட்டும் தளம் எப்போதும் வேகமாகத்தான் ஓடும். பணம் கட்டும் வழிகள் எத்தனை வைத்திருக்கிறீர்களோ அத்தனையையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

பலர் தவறவிடும் ஒரு சோதனை உண்டு. இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ உங்கள் கடை லிங்கைத் தொட்டால், அது அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கும் குட்டிப் பிரவுசரில் திறக்கும். பணம் கட்டுவதற்காக வேறொரு செயலிக்குத் தாவும்போது அந்தக் குட்டிப் பிரவுசர் சில சமயம் திரும்பி வர வழி விடாது. ஓடிபியைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்விட்டு வருவதற்குள் பக்கம் மறுபடி லோட் ஆகிக் கூடை காலியாகிவிடுவதும் உண்டு. விளம்பரத்தின் வழியே வருபவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் நுழைகிறார்கள். எனவே அந்த லிங்கைச் செயலிக்குள்ளிருந்தே தொட்டு, கடைசிவரை போய்ப் பாருங்கள்.

பணம் போய்விட்டது, ஆர்டர் பதிவாகவில்லை என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெப்ஹுக் அமைப்பை. வாடிக்கையாளர் நன்றிப் பக்கத்துக்குத் திரும்பி வந்தால்தான் ஆர்டர் உறுதியாகும் என்று தளம் அமைந்திருந்தால், நடுவில் சிக்னல் போன ஒவ்வொருவரும் பணம் கட்டியும் ஆர்டர் இல்லாமல் நிற்பார். கேட்வேயின் சர்வர் உங்கள் சர்வருக்கு நேரடியாகத் தகவல் சொல்லும் ஏற்பாடுதான் வெப்ஹுக். கேட்வேயின் அமைப்புப் பக்கத்தில் அந்த முகவரி சரியாக இருக்கிறதா, அனுப்பிய தகவல்கள் தோல்வி என்று காட்டுகிறதா என்று பாருங்கள். தளத்தின் முகவரியை மாற்றிய பிறகு இதை மாற்ற மறப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அடுத்தது படிவம். பொருளை அனுப்ப எது தேவையோ அதை மட்டும் கேளுங்கள்: பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, முகவரி, அஞ்சல் குறியீடு. பெயருக்கு ஒரே கட்டம் போதும். தொலைபேசி எண்ணை எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கட்டத்தின் கீழே அரை வரி எழுதினால், பொய் எண் தருபவர்கள் குறைவார்கள். எண்ணுக்கு இடையே இடைவெளி விட்டாலும், முன்னால் நாட்டுக் குறியீடு சேர்த்தாலும் படிவம் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதைச் சுத்தம் செய்வது மென்பொருளின் வேலை. எண் கேட்கும் இடத்தில் எண் விசைப்பலகை திறக்க வேண்டும். கட்டத்துக்குள் எழுத்தின் அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி அந்தக் கட்டத்தைத் தொட்டதும் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும். பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பிழை இருந்தால் அந்தக் கட்டத்தின் அருகிலேயே சொல்லுங்கள். ஒரு பிழைக்காக நிரப்பியதெல்லாம் அழிந்துபோனால் யாரும் இரண்டாம் முறை தட்டச்சு செய்வதில்லை.

கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். விருந்தினராகவே வாங்கட்டும். ஆர்டர் முடிந்த பிறகு, கடவுச்சொல் மட்டும் கேட்டு, அதே விவரங்களோடு கணக்காக மாற்றிக்கொள்ள வழி கொடுங்கள்.

ஆர்டர் உறுதி மின்னஞ்சல் ஸ்பேமில் விழுகிறதா என்றும் பாருங்கள். விழுந்தால், பணம் கட்டியவர் பதறிப்போய் உங்களை அழைப்பார், அல்லது வங்கியில் புகார் கொடுப்பார். டொமைன் அமைப்பில் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள் (மின்னஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுபவை) இல்லாததே பெரும்பாலும் காரணம். மின்னஞ்சல் அனுப்பும் சேவை தரும் வரிகளை அங்கே ஒட்டினால் போதும்.

கூடை

பேமார்டு ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் கணக்குப்படி, கூடையில் விழும் ஆர்டர்களில் சுமார் 70 விழுக்காடு அப்படியே கைவிடப்படுகின்றன. விலை விசாரிக்க வந்தவர்களும் அதில் அடக்கம், எனவே அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். வாங்க நினைத்தும் விட்டுப்போனவர்கள் சொல்லும் முதல் காரணம்தான் முக்கியம்: கடைசியில் வந்து சேரும் கூடுதல் செலவு. டெலிவரிக் கட்டணத்தைப் பொருள் பக்கத்திலேயே, விலைக்குக் கீழே எழுதுங்கள். தொகை அதிகமாகவே இருந்தாலும் பரவாயில்லை. முன்பே தெரிந்த செலவை மனசு ஒத்துக்கொள்ளும். கடைசி நொடியில் முளைக்கும் செலவு ஏமாற்று வேலை போலத் தெரியும்.

இலவச டெலிவரிக்கு ஒரு வரம்பு வைப்பதாக இருந்தால், சராசரி ஆர்டர் தொகையை அடிப்படையாக எடுக்காதீர்கள். நாலைந்து பெரிய ஆர்டர்கள் சராசரியைத் தூக்கிவிடும். கடைசி 100 ஆர்டர்களைத் தொகை வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்கும் தொகையை எடுங்கள். அதற்கு 15 முதல் 25 விழுக்காடு மேலே வரம்பை வையுங்கள். அந்தக் கூடுதல் விற்பனையில் வரும் லாபம் டெலிவரிச் செலவைத் தாங்குமா என்று கணக்குப் போட்ட பிறகுதான் அறிவிக்க வேண்டும்.

கூப்பன் கட்டத்தை வெறுமனே திறந்து வைக்காதீர்கள். அதைப் பார்த்ததும், கூப்பன் இல்லாதவர் இன்னொரு ஜன்னலைத் திறந்து கூகுளில் தேடப் போய்விடுவார். சின்ன எழுத்தில் ஒரு லிங்காக மடித்துவிடுங்கள். கூடையை விட்டுப்போனவர்களுக்கு நினைவூட்டல் மின்னஞ்சல் அனுப்பினால், முதல் மின்னஞ்சலிலேயே தள்ளுபடி தராதீர்கள்; கூடையில் போட்டுவிட்டு ஒருநாள் காத்திருந்தால் விலை குறையும் என்று வாடிக்கையாளருக்கு நீங்களே பாடம் நடத்தியது போலாகும்.

பொருள் பக்கம்

எழுத உட்காரும் முன் வாடிக்கையாளர்கள் அனுப்பிய கடைசி 50 செய்திகளை எடுத்து வையுங்கள். ஒரே கேள்வி மூன்று முறை வந்திருந்தால் அதற்கான பதில் பக்கத்தில் இல்லை, அல்லது கண்ணில் படவில்லை. அளவு, எடை, எதனால் செய்தது, எப்படிப் பராமரிப்பது, பெட்டிக்குள் என்னென்ன இருக்கும், எதனோடு பொருந்தாது, ரிட்டர்ன் உண்டா, அதற்கான செலவு யாருடையது: கேள்விகள் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரணையை அப்படியே ஒட்டினால் அதே வரிகள் நூறு கடைகளில் இருக்கும். தேடலில் உங்கள் பக்கம் முன்னே வர எந்தக் காரணமும் இருக்காது.

படங்கள் ஐந்து முதல் ஏழு: முன்பக்கம், பின்பக்கம், நெருக்கத்தில் மேற்பரப்பு, கையில் பிடித்தபடி ஒன்று, பயன்பாட்டில் ஒன்று, பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் பரப்பி ஒன்று. கையில் பிடித்த படம் சும்மா அழகுக்கல்ல. வெள்ளைப் பின்னணியில் பொருளின் அளவு தெரியாது. எதிர்பார்த்ததைவிடச் சிறியது என்ற காரணத்தோடு வரும் ரிட்டர்ன்களுக்கு அதுதான் மருந்து.

டெலிவரிக்கு “3 முதல் 5 வேலை நாள்” என்பதைவிட “செவ்வாய் முதல் வியாழனுக்குள்” என்று நாளைச் சொல்வது நல்லது. அளவோ நிறமோ தேர்ந்தெடுக்காமல் பட்டனைத் தொட்டால் பட்டன் மங்கலாக, ஊமையாக இருக்கக் கூடாது. முதலில் அளவைத் தேர்ந்தெடுங்கள் என்று சொல்ல வேண்டும். பட்டனின் உயரம் 48 பிக்சல் இருந்தால் கட்டைவிரலுக்குத் தோது.

ஸ்டாக் தீர்ந்த பொருளின் பக்கத்தை அழிக்காதீர்கள். மறுபடி வரும் என்றால் பக்கம் அப்படியே இருக்கட்டும், வந்ததும் தெரிவிக்கிறோம் என்று மின்னஞ்சல் வாங்குங்கள். இனி வரவே வராது என்றால் அதற்கு நெருக்கமான பொருளுக்கோ வகைக்கோ 301 முறையில் (பழைய முகவரி நிரந்தரமாக மாறிவிட்டது என்று சொல்லும் முறை) திருப்பிவிடுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பினால் கூகுள் அதைக் காணாமல்போன பக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

ரிவ்யூ விஷயத்தில் குறை சொல்பவற்றை மறைக்க வேண்டாம். எல்லாமே ஐந்து நட்சத்திரமாக இருந்தால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். பொருள் கைக்குப் போய், பயன்படுத்திப் பார்க்க அவகாசம் கொடுத்த பிறகு கேளுங்கள்.

வேகம்

கூகுள் நல்ல வேகத்துக்கு வைத்திருக்கும் அளவுகோல்கள் மூன்று. திரையின் மிகப் பெரிய பகுதி தெரிய 2.5 வினாடிக்குள், தொட்டதற்குப் பதில் கிடைக்க 200 மில்லி வினாடிக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள். வேகத்தை அளக்கும் கூகுளின் கருவியான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் உங்கள் முகவரியைப் போட்டால் மூன்றையும் காட்டும். மேலே தெரிவது கடந்த 28 நாளில் உண்மையில் வந்தவர்களின் அனுபவம். வருகை குறைந்த கடைக்கு அந்தப் பகுதி காலியாக இருக்கலாம், அப்போது கீழே உள்ள சோதனை முடிவைப் பாருங்கள். முகப்பைச் சோதித்துவிட்டு நிறுத்தாமல், அதிகம் விற்கும் பொருளின் பக்கத்தையும் சோதியுங்கள்.

மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் படங்கள்தான். கேமராவிலிருந்து வந்த 5 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1,600 பிக்சலுக்குள் கொண்டுவந்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் 200 கேபிக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது பக்கம் கீழே இறங்கி, விரல் வேறெதிலோ படும். கீழே உள்ள படங்களைத் தாமதமாக லோட் ஆக விடலாம். முதல் படத்துக்கு மட்டும் அதைச் செய்யக் கூடாது. பல ப்ளகின்கள் கண்மூடித்தனமாக எல்லாப் படத்துக்கும் அதைப் போட்டு, இருந்த வேகத்தையும் குறைத்துவிடும். அடுத்து ஸ்க்ரிப்டுகள், அதாவது பக்கத்தோடு ஓடும் சிறு நிரல்கள்: எப்போதோ நிறுத்திய விளம்பரத்தின் பலனைக் கண்காணிக்கும் பிக்சல் எனும் நிரல், யாரும் பதில் சொல்லாத சாட் பெட்டி, இரண்டு பாப்அப் ப்ளகின். ஒவ்வொன்றாக நீக்கி மறுபடி அளந்துபாருங்கள்.

தேடலும் முகப்பும்

தளத்துக்குள் தேடி ஒன்றும் கிடைக்காத சொற்களின் பட்டியலை மாதம் ஒருமுறை எடுங்கள். எழுத்துப் பிழைகளையும், மக்கள் வழங்கும் வேறு பெயர்களையும் பொருளோடு இணையுங்கள். அந்தப் பட்டியலில் மிஞ்சுவது, அடுத்து என்ன கொள்முதல் செய்யலாம் என்பதற்கான குறிப்பு.

முகப்பில் தானாக ஓடும் படவரிசையை எடுத்துவிடலாம். இரண்டாவது படத்திலிருந்து யாரும் அதைப் பார்ப்பதே அரிது. அந்த இடத்தில் என்ன விற்கிறீர்கள் என்று ஒரு வரி, அதிகம் விற்கும் நாலைந்து பொருள், வகைகளுக்கு வழி இருந்தால் போதும்.

மாற்றியது பலித்ததா?

ஒரு பக்கத்தின் இரண்டு வடிவங்களை வருபவர்களுக்குப் பிரித்துக் காட்டி ஒப்பிடும் ஏ-பி சோதனை சிறு கடைக்கு ஒத்துவராது. நூற்றுக்கு 2 பேர் வாங்கும் கடையில் அது 2.4 ஆனதா என்று நம்பகமாகச் சொல்ல ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறக்குறைய 20,000 பேர் வர வேண்டும். அதற்குப் பதில் தளத்தைப் பார்த்தே இராத ஐந்து பேரிடம் மொபைலைக் கொடுத்து, இன்ன பொருளை வாங்குங்கள் என்று சொல்லிவிட்டு வாயைத் திறக்காமல் உட்காருங்கள். ஐந்து பேர் போதும் என்று தளங்களின் பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதியது இன்றும் பொருந்துகிறது. ஒரே இடத்தில் மூன்று பேர் தடுமாறினால் புள்ளிவிவரம் தேவையில்லை. வருபவர்கள் திரையில் செய்வதைப் பதிவுசெய்யும் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டியை இலவசமாகவே போட்டு, பாதியில் போனவர்களின் பதிவுகளையும் பார்க்கலாம்.

உடைந்ததை உடனே சரிசெய்துவிடுங்கள், அதற்குச் சோதனை எதற்கு? மற்ற மாற்றங்களை ஒரு நேரத்தில் ஒன்றாகச் செய்து, தேதியோடு குறித்துவையுங்கள். முந்தைய இரண்டு முழு வாரங்களோடு பிந்தைய இரண்டு முழு வாரங்களை ஒப்பிடுங்கள். திங்கள் விற்பனையை ஞாயிறோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிப்போகும். விளம்பரச் செலவைக் கூட்டிய வாரமும், தள்ளுபடி போட்ட வாரமும் அந்த ஒப்பீட்டில் சேரக் கூடாது.