பத்து நிமிடப் பக்கவாதமும் அதன் பிறகு நாங்கள் செய்த தவறுகளும்

செட்டிநாட்டில் அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவை ஆத்தா என்றும் கூப்பிடுவோம். அப்பச்சி காலையில் முகப்பில் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். வலது கையிலிருந்து தாள் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார்; கை சொன்னபடி கேட்கவில்லை. என்ன செய்கிறது என்று ஆத்தா கேட்டதற்கு வந்த பதில் குழறலாக இருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. பத்து நிமிடம் இருக்கும். பிறகு எல்லாம் தானாகச் சரியாகிவிட்டது. முகம் கழுவிக்கொண்டு, நான்கு இட்லி சாப்பிட்டு, பள்ளத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். தேவகோட்டையில் இருக்கும் எனக்குச் செய்தி வந்தது மறுநாள் இரவு. "பித்த மயக்கம்தான், இஞ்சிச் சாறு கொடுத்தேன், தெளிந்துவிட்டது" என்றார் ஆத்தா.

இஞ்சிச் சாற்றில் தெளிந்தது அல்ல அது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு சிறு ரத்தக்கட்டி வந்து அடைத்து, பிறகு தானாகக் கரைந்தோ நகர்ந்தோ வழிவிட்டிருக்கிறது. மருத்துவர்கள் இதை டி.ஐ.ஏ. என்கிறார்கள், ஊரில் மினி ஸ்ட்ரோக், லேசான வாதம். இந்த 'மினி' என்ற சொல்தான் ஆளைக் கெடுக்கிறது. மினி பஸ்ஸும் கடைசியில் போய் நிற்பது பெரிய பஸ் நிலையத்தில்தான்.

அப்பச்சிக்கு அடுத்த அடைப்பு வரவில்லை. அது எங்கள் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம். அந்த ஒரு வருடத்தில் நாங்கள் செய்த தவறுகளையும், அக்கம்பக்கத்து வீடுகளில் பார்த்த தவறுகளையும் இங்கே எழுதுகிறேன். மருத்துவருக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ள வேண்டாம். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படட்டும்.

போய்விட்டது என்பதால் ஒன்றுமில்லை என்று நினைப்பது

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தாய் இதுதான். கை கால் பழையபடி அசைகிறது, பேச்சு தெளிந்துவிட்டது, இனி எதற்கு ஆஸ்பத்திரி என்று தோன்றும். கலிஃபோர்னியாவில் டி.ஐ.ஏ. வந்து மருத்துவமனைக்குப் போன 1,707 பேரைத் தொடர்ந்து கவனித்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 90 நாட்களுக்குள் 180 பேருக்கு முழுப் பக்கவாதம் வந்திருந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் இரண்டு நாட்களிலேயே வந்துவிட்டது. அப்பச்சி கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்ததும் அந்த இரண்டு நாட்களுக்குள்தான்.

மறுபக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபர்டில் இப்படி வந்தவர்களை உடனுக்குடன் பரிசோதித்து, அன்றே மருந்தைத் தொடங்கிப் பார்த்தார்கள். 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் வருவது நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தது. 2007இல் வெளியான முடிவு இது. அதில் புது மருந்து எதுவும் இல்லை; இருந்த மருந்தைச் சீக்கிரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் மூன்றாம் நாள் போனோம். எம்.ஆர்.ஐ., கழுத்து ரத்தக் குழாய்க்கான டாப்ளர், ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் என்று வரிசையாக எடுத்தார்கள். "ஒன்றுமில்லாததற்கு இத்தனை டெஸ்ட்டா" என்று வெளியில் வந்து நானே முணுமுணுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கட்டி எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியாமல் மருந்தைத் தீர்மானிக்க முடியாது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருந்தால் அதற்கு வேறு வகை மாத்திரை. கழுத்துக் குழாய் மோசமாகச் சுருங்கியிருந்தால் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்; அதையும் முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். இப்படிப்பட்டவரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் வைத்திருப்பது எத்தனை பெரிய பிழை என்று சொல்ல வேண்டியதில்லை.

மாத்திரைக் கணக்கில் வரும் குழப்பம்

ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் என்ற மாத்திரைகள் இரண்டையும் முதலில் சேர்த்துக் கொடுப்பது வழக்கம். பெரும்பாலும் 21 நாட்கள். அதன் பிறகு ஒன்று மட்டும் தொடரும். இங்கே இரண்டு விதமாகவும் கோட்டை விடுகிறார்கள். சிலர் 21 நாள் முடிந்ததும் "கோர்ஸ் முடிந்தது" என்று இரண்டையும் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பழைய சீட்டையே மருந்துக்கடையில் நீட்டி, இரண்டையும் வருடக் கணக்கில் விழுங்குகிறார்கள். வயிற்றிலும் மூளையிலும் ரத்தம் கசியும் ஆபத்து அதில் கூடிக்கொண்டே போகும். எந்த மாத்திரை எந்தத் தேதி வரை, எது ஆயுளுக்கும் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பல் பிடுங்கப் போகும்போது தாங்களாகவே நிறுத்துவது இன்னொன்று. நிறுத்தலாமா, எத்தனை நாள் என்பதைப் பல் மருத்துவரும் மருந்து எழுதியவரும் பேசித் தீர்மானிக்கட்டும்.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரை எங்கள் வீட்டுத் தவறு. அப்பச்சிக்கு முழங்கால் வலி நெடுநாளாக உண்டு. இப்யூபுரூஃபன் ஆஸ்பிரினின் வேலையைத் தடுக்கக்கூடியது; டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். ஒரு கையால் பூட்டிவிட்டு மறு கையால் திறந்துவிட்டிருந்தோம்.

பிரஷர் மாத்திரை பற்றி ஊரில் உலவும் பேச்சுக்கு அளவே இல்லை. "இப்போது 120தான் இருக்கிறது, எதற்கு மாத்திரை?" மாத்திரை போட்டதால்தான் 120. "தொடர்ந்து போட்டால் கிட்னி போய்விடும்." கிட்னியைக் கெடுப்பது கட்டுக்குள் வராத அழுத்தம். வீட்டில் கருவி வாங்கி அளப்பது நல்லது. ஆனால் அப்பச்சி மாடிப்படி இறங்கி வந்து, காபியைக் குடித்துக்கொண்டே கையை நீட்டுவார். ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்து உட்கார்ந்து, கை நெஞ்சு உயரத்தில் இருக்க அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பலருக்கும் 130க்கு 80க்குக் கீழ் என்று குறி வைப்பார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்க அலைய முடியாத முதியவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்த ஊழியரிடம் டி.ஐ.ஏ. வந்ததைச் சொல்லிவைப்பது நம் பொறுப்பு.

காரத்தின் மேல் பழி, உப்புக்கு விடுதலை

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாளே ஆத்தா மிளகாயையும் மிளகையும் நிறுத்திவிட்டார். செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம், காரம் என்றால் கொதிப்பு என்று ஒரு கணக்கு. அப்பச்சி இரண்டு வாரம் சப்பென்ற சாப்பாட்டைப் பிசைந்துகொண்டிருந்தார். சப்பென்று இருந்ததால் தொட்டுக்கொள்ள ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். மிளகாய் ரத்தக் குழாயை அடைக்காது. அழுத்தத்தை ஏற்றுவது உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழம்பு, பொரியல், சட்னி, மோர் எல்லாவற்றிலும் சேர்வதோடு வத்தல், கருவாடு, உப்புக்கண்டம், தேன்குழல், சீடை என்று கூட்டிப் பாருங்கள். ஆப்ப சோடாவிலும் சோடியம்தான் இருக்கிறது. மிளகு, சோம்பு, பட்டை, கல்பாசி, பூண்டு, எலுமிச்சை எல்லாம் கையில் இருக்கும் சமையலில் உப்பைக் குறைப்பது வேறு எந்தச் சமையலையும்விட எளிது. இதை ஆத்தாவுக்குப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இப்போது காரம் திரும்பிவிட்டது. ஊறுகாய் ஜாடிதான் மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

அடுத்த ஏமாற்று, இந்துப்பு. "பிரஷருக்கு நல்லது" என்று விலை கொடுத்து வாங்கி, தாராளமாகப் போடுகிறார்கள். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பது வேறு. அதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

கவுனி அரிசி விஷயத்தில் நான் சிரித்துவிட்டேன். கறுப்பரிசி சத்தானது, சர்க்கரைக்காரரும் சாப்பிடலாம் என்று யாரோ சொல்ல, பழைய வழக்கப்படி சர்க்கரையும் நெய்யும் தேங்காய்ப்பூவும் போட்டுக் கிண்டி, இரண்டு கிண்ணம் வைத்தார்கள். அரிசியின் நிறம் சர்க்கரையின் கணக்கை அழிக்காது.

பலகாரத்தை அடியோடு ஒழிக்கச் சொல்லி நான் போட்ட சட்டமும் பலிக்கவில்லை. பூட்டிவைத்தால் அப்பச்சி கல்யாண வீடுகளில் ஈடுகட்டினார். விசேஷத்துக்கு ஒரு வெள்ளைப் பணியாரம், ஒரு கந்தரப்பம் என்று அவரே சொன்ன கணக்குதான் நிலைத்தது.

புகை, வெற்றிலையோடு போடும் புகையிலை இரண்டிலும் இந்தக் கணக்குக்கு இடமில்லை. முழுக்க விட வேண்டும்.

படுக்கவைப்பதும் பழனிக்கு நடப்பதும்

முதல் மாதம் அப்பச்சியைக் கட்டிலிலிருந்து இறங்கவே விடவில்லை. குளிப்பாட்டிவிட, செருப்பை எடுத்து வைக்க, ஆள் போட்டோம். டி.ஐ.ஏ. வந்தவருக்கு நடை மருந்து மாதிரி. மருத்துவர் சொன்ன அளவில் மெதுவாகத் தொடங்கி, வாரத்தில் பெரும்பாலான நாட்கள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு வரலாம். நாங்களோ காலை எடுத்து வைக்க விடாமல் அவரைத் தளர்த்தினோம்.

அது சலித்து, தைப்பூசம் நெருங்கியபோது மனிதர் எதிர்த்திசையில் கிளம்பினார். நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாராம். நூறு கிலோமீட்டருக்கும் மேல், வெயிலில், வெறுங்காலோடு, நாலு மணிக்கு எழுந்து, மாத்திரை நேரம் தவறி! வேண்டுதலைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் தலைமுறைகளாக நடந்தவர்கள் உண்டு. மருத்துவரிடம் மறைத்துவிட்டுப் போவதுதான் தவறு. கேட்டோம். இந்த வருடம் வேண்டாம் என்றார். குன்றக்குடி வரை காரில் போய், காவடிகளை வழியனுப்பிவிட்டு வந்தார் அப்பச்சி.

வண்டி ஓட்டுவதையும் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பிரிட்டனில் டி.ஐ.ஏ. வந்தவர் ஒரு மாதம் கார் ஓட்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. இங்கே மொபெட் சாவியை யார் ஒளித்துவைப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

யாரும் கேட்காத களைப்பு

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, ஆனால் மனிதர் மதியம் மூன்று மணிக்கே சுருண்டு படுக்கிறார். பெயர்கள் மறக்கின்றன, சின்ன விஷயத்துக்குக் கண் கலங்குகிறது, இரவில் கை மரத்தால் திடுக்கிட்டு எழுகிறார். "சோம்பல்", "நடிப்பு", "வயதாகிவிட்டது" என்று நாங்கள் பெயர் வைத்தோம். டி.ஐ.ஏ.வுக்குப் பிறகு களைப்பும் பயமும் மனச்சோர்வும் பலருக்கு வருகின்றன. வாரக் கணக்கில் நீடித்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கும் சிகிச்சை உண்டு. பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்து இருந்தால், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அது அழுத்தத்தையும் ஏற்றும்.

பார்க்க வருகிறவர்களின் ஆலோசனையையும் வடிகட்ட வேண்டியிருந்தது. புறா ரத்தத்தைத் தேய்த்தால் வாதம் அண்டாது என்று ஒருவர் நிஜமாகவே இரண்டு புறாக்களோடு வந்தார். காபி கொடுத்து அனுப்பினோம், புறாக்களையும் சேர்த்து.

மறுபடி வந்தால்

வாய் கோணினால், ஒரு கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சு குழறினால், திடீரென ஒரு கண் இருண்டாலோ நடை தள்ளாடினாலோ, பத்து நிமிடம் பொறுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம். அது தானாகச் சரியாகுமா என்று அந்தப் பத்து நிமிடத்தில் யாராலும் சொல்ல முடியாது. 108ஐக் கூப்பிடுங்கள். சோடாவோ காபியோ வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். நாக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரை வேண்டாம், அழுத்தம் சட்டென விழும். கூடுதல் ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் கேட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தால் அதில் ஒரு மணி நேரம் போய்விடும். மதுரைதான் பெரிய இடம் என்று நேராக அங்கே ஓடுவதா, சி.டி. ஸ்கேன் உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போவதா என்பதை இன்றைக்கே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துவையுங்கள்.

எங்கள் பக்கத்து வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. முகப்பு, முற்றத்தைச் சுற்றியுள்ள வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீட்டில் இருப்பது இரண்டு பேர். பின்கட்டில் விழுந்தவர் கூப்பிட்டால் முகப்பில் இருப்பவருக்குக் கேட்காது. தேக்குக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தூங்கினால் ஆம்புலன்ஸ் ஆட்கள் வெளியேதான் நிற்க வேண்டும். இதெல்லாம் எங்களுக்கு உறைக்கவே ஆறு மாதம் ஆனது. அப்பச்சியின் கட்டில் இப்போது வளவுக்கு வந்துவிட்டது. கைபேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே நடமாடுகிறார். நிலைப்படிகள் இருக்கும் இடமெல்லாம் இரவு விளக்கு போட்டிருக்கிறோம். உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் திறக்கிற பூட்டாகப் போட்டோம். சாவி ஒன்று எதிர்வீட்டு ஆச்சியிடம் இருக்கிறது.