பெங்களூருக்குப் புதிதா? வீட்டு நெட்டில் அப்லோட் இழுத்தால்

வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, கேஸ் இணைப்பும் வாங்கி, நெட்டும் போட்டாகிவிட்டது. படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது. திங்கட்கிழமை காலை மீட்டிங்கில் மட்டும் "உங்க வாய்ஸ் விட்டு விட்டு வருது" என்கிறார் மேனேஜர். பிடிஎம், மாரத்தஹள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி என்று எங்கே குடிவந்த நம்மவர்களைக் கேட்டாலும் இந்தப் புலம்பல் உண்டு. வர வேண்டியது ஒழுங்காக வருகிறது, நம்மிடமிருந்து போக வேண்டியதுதான் போகவில்லை. அதாவது அப்லோட் கோளாறு.

முதலில் என்ன இணைப்பு என்று பாருங்கள். வீட்டுக்குள் வரை ஃபைபர் (ஒளியில் தகவல் கடத்தும் கண்ணாடி இழை) வந்தால் பெரும்பாலான பிளான்களில் அப்லோடும் டவுன்லோடும் ஏறக்குறைய சமம். கேபிள் டிவி ஒயரில் வரும் நெட்டில் அப்லோட் இயல்பிலேயே குறைவு. மாடியில் பெட்டி மாட்டி 5ஜி மூலம் தரும் ஏர்ஃபைபர் வகையிலும் அப்படித்தான். அங்கே ஒரே அலைவரிசையை நேரம் பிரித்து இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்துகிறார்கள், பெரும்பங்கு டவுன்லோடுக்குப் போய்விடும். இது கோளாறே அல்ல, எந்த டெக்னீஷியன் வந்தாலும் மாற்ற முடியாது. அப்புறம், பிளானில் எழுதியிருக்கும் எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட், நம் ஃபைலின் அளவு மெகாபைட். எட்டு மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு மெகாபைட். 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 1 ஜிபி ஃபைல் போய்ச்சேர 13 நிமிடத்துக்கு மேல் ஆகும்.

ஃபைபர் இருந்தும் இழுக்கிறதா? லேப்டாப்பை லேன் ஒயரால் நேராக ரூட்டரில் செருகுங்கள். வைஃபையையும் ஆபீஸ் விபிஎன்னையும் அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். காலையில் ஒரு தடவை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு தடவை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் உதவும். 200 எம்பிபிஎஸ் பிளானில் இரண்டு பக்கமும் 94, 95-லேயே முட்டி நின்றால் சந்தேகமே வேண்டாம்: எங்கோ ஒரு போர்ட் அல்லது ஒயர் 100-க்கு மேல் போக மறுக்கிறது. ஒயருக்குள் எட்டு கம்பி இருக்கும். அதில் ஒன்று விட்டுப்போனாலே இந்த நிலைமை வரலாம். முனையில் கிளிப் உடைந்து ஆடுகிற ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு கேட் 5இ அல்லது கேட் 6 என்று எழுதியிருக்கும் லேன் ஒயர் வாங்குங்கள்.

ஒயரில் சரியாக வந்து வைஃபையில் மட்டும் இழுத்தால் கம்பெனிக்கு போன் போட வேண்டாம், வேலை உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. பலருக்கும் புரியாத இடம் இது. ரூட்டரின் குரல் பெரிது, செல்போனின் குரல் சின்னது. ஹாலில் இருக்கும் ரூட்டர் சொல்வது படுக்கையறையில் உள்ள போனுக்கு நன்றாகக் கேட்கும். போன் சொல்லும் பதில்தான் இரண்டு சுவர் தாண்டி ரூட்டருக்குச் சரியாகக் கேட்காது. அதனால்தான் டவுன்லோட் 80 காட்டும் இடத்திலேயே அப்லோட் 4 காட்டுகிறது. வைஃபை குறியீடு முழுசாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அது ரூட்டரின் குரலைத்தான் அளக்கிறது. டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்த ரூட்டரை வெளியே, உயரத்தில், வேலை செய்யும் மேசைக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். ரூட்டர் தரும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு வைஃபை அலைவரிசைகளில் 5-ல் இணையுங்கள். அடுக்குமாடியில் 2.4-ஐ விட முடியாவிட்டால் சேனலை 1, 6, 11-ல் கூட்டம் குறைந்ததாகப் பார்த்து வையுங்கள். வைஃபையை வாங்கி அடுத்த அறைக்குத் திருப்பி அனுப்பும் மலிவு ரிப்பீட்டரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், வேகத்தில் பாதியை அதுவே தின்றுவிடும்.

இன்னொரு திருட்டு: பேக்கப். ரூம்மேட் ஊர்த் திருவிழாவுக்குப் போய் எடுத்த வீடியோவெல்லாம் கூகுள் போட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அப்லோட் நிரம்பிவிட்டால் டவுன்லோடும் தடுமாறும், ஏனென்றால் 'வந்து சேர்ந்தது' என்ற பதிலும் அதே வழியாகத்தான் போக வேண்டும். கிளவுடில் சேமிக்கும் சிசிடிவி கேமராவும் இதே கதை. பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளிவிடுங்கள்.

ஒயரிலும் இழுத்தால் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வந்து சேரவில்லை. விளக்கு ஒழுங்காக இருந்தால், சுவரிலிருந்து பெட்டிக்கு வரும் மெல்லிய ஒயரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். கட்டில் காலுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியோ, ஆணியைச் சுற்றி இறுக்கமாக வளைந்தோ இருக்கலாம். அதைத் தளர்த்தினாலே சில வீடுகளில் சரியாகிவிடும். பெட்டியின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவர் என்று ஓர் எண் இருக்கும், பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் பலம் அது. -15 முதல் -25 வரை நல்லது. -27-ஐத் தாண்டி -28, -29 என்று போனால் தகராறுதான், எந்த நேரமும் கட்டாகலாம். இந்த எண்ணைச் சொல்லிப் புகார் கொடுத்தால் "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்ற பல்லவி சீக்கிரம் முடியும்.

மிச்சமெல்லாம் வெளியே. இங்கே பாதி ஃபைபர் மரத்திலும் மின்கம்பத்திலும்தான் தொங்குகிறது. ஏப்ரல், மே மழையில் கிளை விழுந்தால் ஒயரும் விழும். காத்திருப்பதைத் தவிர வழியில்லை, அன்றைக்கு மொபைல் ஹாட்ஸ்பாட்தான்.

புகாருக்கு வருகிற டெக்னீஷியன் பையனுக்குத் தமிழ் தெரிந்திருக்க நிறைய வாய்ப்புண்டு. இருந்தாலும் "அப்லோட் பர்த்தா இல்லா, ஸ்வல்ப நோடி" என்று கன்னடத்தில் தொடங்குங்கள், முகம் மலரும். ஒளியின் பலத்தை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கிளம்பும் முன் உங்கள் லேப்டாப்பிலேயே டெஸ்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். சரியாகாமலே "ரிசால்வ்டு" என்று மெசேஜ் வந்தால் புகார் எண்ணை விட்டுவிடாதீர்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. 30 நாளுக்குள் அவரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. 39 நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளை இங்கே இணையுங்கள்.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்கள், அந்தக் கட்டடத்தில் எந்தெந்த நிறுவனம் ஒயர் இழுத்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிடுங்கள். சில அடுக்குமாடிகளில் ஒரே நிறுவனத்தைத்தான் உள்ளே விடுவார்கள். ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்று ஆசை காட்டினாலும் முதல் மாதத்தை மட்டும் கட்டிப் பாருங்கள். பிஜி எனும் பேயிங் கெஸ்ட் விடுதியில் இருப்பவர்களுக்கு இந்த வழி எதுவும் பெரிதாக உதவாது. மாடிக்கு ஒரு ரூட்டர், அதில் முப்பது பேர். மீட்டிங் உள்ள வேலை என்றால் தனி சிம்மில் நல்ல டேட்டா பிளான் போட்டுக்கொள்வதே உத்தமம்.