காட்டர் பின் கிராங்க்: பின்னைக் கழற்றுவது முதல் பி.பி. ஓவராயில் வரை

மிதிக்கும்போது ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'டொக்' என்று கேட்கிறதா? இரண்டு கிராங்கும் (பெடலைத் தாங்கும் கைகள்) ஒரே நேர்கோட்டில் இல்லாமல் ஒன்று சற்றுப் பின்தங்கி நிற்கிறதா? ஹெர்குலிஸ், ராலே, பி.எஸ்.ஏ., அட்லஸ் என்று எந்தப் பழைய கறுப்புச் சைக்கிளாக இருந்தாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது காட்டர் பின்னைத்தான். கிராங்கை பி.பி. (பாட்டம் பிராக்கெட், ஃபிரேமின் அடியில் கிராங்குகள் சுழலும் பகுதி) ஆக்சிலோடு, அதாவது அதன் நடுவே ஓடும் அச்சோடு, பிணைத்து வைத்திருப்பது சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத அந்த ஒரு ஆப்புதான்.

காட்டர் பின் இல்லாத, சதுர முனை கொண்ட ஆக்சிலை பிரான்ஸின் ஸ்ட்ராங்லைட் நிறுவனம் 1933-லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அன்றாடம் ஓட்டும் இரும்புச் சைக்கிள்கள் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் காட்டர் பின்னிலேயே ஓடின. 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையின் ஹெர்குலிஸ் சைக்கிள்களும் அப்படித்தான். சுத்தியலும் அரமும் இருந்தால் எந்த ஊரிலும் சரிசெய்துவிடலாம் என்பது இந்த அமைப்பின் பெரிய பலம். கண்டபடி அடித்தால் பால்ரஸ் (ஆக்சிலைச் சுழலவிடும் இரும்புக் குண்டுகள்) ஓடும் பாதையே கெட்டுவிடும் என்பது இதன் ஒரே ஆபத்து. அதனால் இந்த வேலை முழுவதிலும் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: நான் கொடுக்கும் அடி எங்கே போய் இறங்குகிறது?

தேவையானவை

ஒரு கிலோ சுத்தியல் (சின்னச் சுத்தியல் உதவாது), நட்டுக்கு இறுக்கமாகப் பொருந்தும் ஸ்பேனர், லாக் ரிங்கை (பி.பி.யின் பூட்டு வளையம்) திருப்பக் கொக்கி ஸ்பேனர், சன்னமான தட்டை அரம், பெஞ்ச் வைஸ், வெர்னியர் (துல்லியமாக அளக்கும் கருவி), மண்ணெண்ணெய், வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ், கால் அங்குல பால்ரஸ் 22, புதிய காட்டர் பின் ஒரு ஜோடி. பின்னை மட்டும் நான்காக வாங்கிவிடுவது நல்லது. முதல் தடவை அரத்தால் ராவும்போது ஒன்றாவது வீணாகும்.

இவற்றோடு அரை அங்குல ஜி.ஐ. தண்ணீர் பைப் ஒரு துண்டு. பட்டியலில் மிக முக்கியமானது இதுதான். சைக்கிளைத் தரையில் நிறுத்தி, பி.பி.க்கு நேர் கீழே, கிராங்கின் தலைப்பகுதி அடியிலிருந்து தரை வரை அளந்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமாக வெட்டுங்கள். இரண்டு முனையும் கோணலில்லாமல் தட்டையாக இருக்க வேண்டும்.

படி 1: ஊறவிடுங்கள், அடையாளம் வையுங்கள்

முந்தைய நாள் இரவே பின்னின் இரண்டு பக்கமும் துரு நீக்கும் எண்ணெய் விடுங்கள். மண்ணெண்ணெயில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்ததும் போதும். நட்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்று இரண்டு கிராங்கையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். செயினையும் கழற்றிவிடுங்கள்.

படி 2: ஒரே அடி

நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். நட்டின் மேல்முகமும் பின்னின் நுனியும் ஒரே மட்டத்தில் வரும்போது நிறுத்துங்கள். அப்போது அடி நட்டின் மீதும் பரவி விழும், மரை நசுங்காது.

நட்டு மேலே, பின்னின் தடித்த தலை கீழே வருமாறு கிராங்கைத் திருப்புங்கள். தலை பைப்பின் ஓட்டைக்குள் இறங்க, கிராங்க் பைப்பின் விளிம்பில் உட்கார வேண்டும். சைக்கிளை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். பைப் சிமெண்ட் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். மண் தரை அடியை விழுங்கிவிடும்.

இப்போது நேராக, கனமாக, ஒரே அடி.

பைப் இருந்தால் அடி பின் வழியாகக் கிராங்குக்கும், கிராங்கிலிருந்து பைப்புக்கும், அங்கிருந்து தரைக்கும் போகிறது. பைப் இல்லாவிட்டால் அதே அடி ஆக்சில் வழியாக பால்ரஸுக்குள் இறங்கும். ஒவ்வொரு குண்டும் கப்பில் (குண்டுகள் உட்காரும் கிண்ணம்) ஒரு சின்னக் குழியைப் பதிக்கும். பிறகு எத்தனை கிரீஸ் போட்டாலும் கரகரப்பு போகாது. 'நேற்றுவரை நன்றாக ஓடியது, பின் மாற்றியதிலிருந்து சத்தம்' என்று வரும் சைக்கிள்களில் பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

லேசாகப் பத்து அடி அடிப்பது இன்னொரு தவறு. பின் மென்மையான இரும்பு. சின்ன அடிகளில் அது நகராது, நுனி மட்டும் காளான்போல் விரியும். விரிந்த பின் கிராங்கின் ஓட்டைக்குள் திரும்ப இறங்காது. இரண்டு மூன்று நல்ல அடிக்கும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள், மறுபடி எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருங்கள்.

நுனி வளைந்துவிட்டதா? மரைப் பகுதியை ஹேக்சாவால் கிராங்கோடு ஒட்டி அறுத்துவிடுங்கள். மீதியின் நடுவில் மையம் குத்தி, 5 மி.மீ. டிரில்லால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம் போட்டால் பின்னின் பிடி தளரும். பிறகு 6 மி.மீ. பஞ்ச் வைத்து, பைப் தாங்கலோடு அடித்தால் வந்துவிடும். கேஸ் சுடர் வேண்டவே வேண்டாம். குரோம் நிறம் மாறும், ஆக்சிலின் கடினமும் போகலாம்.

வலது கிராங்கையும் இதேபோல் எடுத்துவிடுங்கள். ஆக்சில் இடப்பக்கமாகத்தான் வெளியே வரும், அதனால் இரண்டு கிராங்கும் கழன்றாக வேண்டும்.

படி 3: பி.பி.யைத் திறப்பது

இடப்பக்க லாக் ரிங்கும் கப்பும் சாதாரண மரை, இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். லாக் ரிங்கை உளி வைத்துத் தட்டும் பழக்கம் நம் ஊரில் அதிகம். ஒவ்வொரு தட்டிலும் அதன் காடி ஒன்று சிதையும். கொக்கி ஸ்பேனர் ஒன்று வாங்கினால் ஆயுள் முழுக்க வரும்.

வலப்பக்க கப், ஆங்கிலேய வகை சைக்கிள்களில், எதிர் மரை. அதாவது வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றவே வேண்டாம். உள்ளே துணி விட்டுத் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

கீழே வெள்ளைத் துணி விரித்துவிட்டு ஆக்சிலை உருவுங்கள். கேஜ் (குண்டுகளைப் பிடித்து வைக்கும் வளையம்) இல்லாமல் தனிக் குண்டுகளாக இருந்தால் ஒரு பக்கத்துக்கு 11. எண்ணிப் பாருங்கள். குறைந்தால் ஃபிரேம் குழாய்க்குள் உருண்டிருக்கலாம், சைக்கிளைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குங்கள். (முழு ஓவராயில் செய்பவர்களுக்கு: முன் ஹப்பில் பக்கத்துக்கு 3/16 அங்குலம் 10, பின் ஹப்பில் பக்கத்துக்கு கால் அங்குலம் 9.)

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, ஆக்சிலை வெளிச்சத்தில் மெதுவாக உருட்டுங்கள். பால்ரஸ் ஓடிய தடம் மங்கலான வெள்ளிக்கோடாக, ஒரே அகலத்தில் சுற்றி வந்தால் நல்லது. அதில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் ஆக்சில் முடிந்தது. பெரும்பாலும் அந்தப் புள்ளிகள் ஒரே பக்கத்தில் கூடியிருக்கும். மிதியின் முழுப் பலமும் கிராங்க் முன்னோக்கி நிற்கும்போதுதான் இறங்குகிறது, அதனால் ஆக்சிலின் அந்தப் பகுதி மட்டுமே அடி வாங்குகிறது. கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் பால்பாயிண்ட் பேனா முனையைத் தடத்தில் ஓட்டுங்கள். குழி இருந்தால் முனை தட்டும்.

பழைய பாகம் வாங்கும்போதும் மாற்றிக்கொள்ளும்போதும்

ஆக்சிலோ கப்போ தேடவேண்டி வந்தால் நான்கு அளவு கையில் இருக்க வேண்டும்.

பின் விட்டம்: பெரும்பாலும் 9.5 மி.மீ. பிரெஞ்சு வகைகளில் 9. கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால்கூட வித்தியாசம் தெரியாது, வெர்னியர்தான் சொல்லும். 9.5 ஓட்டையில் 9 பின்னை எப்படி அடித்தாலும் ஆட்டம் நிற்காது.

மரை: நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலே சைக்கிள்கள் பலவற்றில் பி.பி. மரை அங்குலத்துக்கு 26. மற்ற ஆங்கிலேய வகைகளில் பொதுவாக 24. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றேதான், அதனால் தவறான கப்பும் முதல் இரண்டு சுற்று ஏறிவிடும். அங்கே பலம் போட்டுத் திருகினால் ஃபிரேம் மரை போய்விடும். கப்பைக் கெடுத்தால் இன்னொன்று வாங்கலாம், ஃபிரேமைக் கெடுத்தால் என்ன செய்வது? பழைய கப்பின் மரையையும் புதிய கப்பின் மரையையும் பல்லோடு பல்லாகச் சேர்த்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒன்றுக்குள் ஒன்று இடுக்கில்லாமல் படிந்தால் ஒரே மரை. ஓரிடத்தில் படிந்து, அடுத்த பல்லில் வெளிச்சம் கசிந்தால் வேறு.

ஆக்சில்: முழு நீளம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். இரண்டு பால்ரஸ் தடங்களுக்கு நடுவே உள்ள தூரமும், வலப்பக்கம் நீளும் அளவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். வலப்பக்கம் குட்டையாகிவிட்டால் செயின் வீல் ஃபிரேமில் உரசும்.

கிராங்க்: பின் ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவத்துக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். தளர்ந்த பின்னோடு மாதக்கணக்கில் ஓட்டிய கிராங்கில் ஓட்டை நீண்டிருக்கும். எவ்வளவு பளபளப்பான குரோமாக இருந்தாலும் அதை வாங்காதீர்கள். விற்பவராக இருந்தால் ஓட்டையையும் ஆக்சில் தடத்தையும் கிட்டத்தில் படம் எடுத்து, அளவுகளை எழுதி அனுப்புங்கள். குரோம் மின்னும் தூரப் படம் வாங்குபவருக்கு எதையும் சொல்லாது.

படி 4: கிரீஸ், பால்ரஸ், அட்ஜஸ்ட்மெண்ட்

பழைய குண்டுகளைத் திரும்பப் போடாதீர்கள். ஆக்சில் நன்றாக இருந்தாலும் 22-ம் புதிது. இரண்டு கப்பிலும் கிரீஸ் நிரப்பி 11 குண்டுகளைப் பதியுங்கள். கடைசிக் குண்டுக்குப் பிறகு ஒரு சின்ன இடைவெளி மிஞ்சும். பன்னிரண்டாவதை அதில் திணிக்கக் கூடாது, குண்டுகள் ஒன்றோடொன்று முட்டி இறுகும். ஆக்சிலின் நீளமான முனை வலப்பக்கம், செயின் வீல் பக்கம் போக வேண்டும்.

இடது கப்பை விரலால் இறுகும் வரை திருகி, பிறகு எட்டில் ஒரு பங்கு சுற்று பின்வாங்குங்கள். கப் நகராமல் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்குங்கள். லாக் ரிங் இறுகும்போது கப்பையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும், அதனால் முதல் தடவையே சரியாக அமைவது அரிது. மூன்று நான்கு தடவை ஆகும். சரியான அட்ஜஸ்ட்மெண்டில் ஆக்சில் இரண்டு விரலில் வழவழவென்று சுற்றும், மேலும் கீழும் ஆட்டினால் அசையாது.

படி 5: பின்னை ராவுவது

புதிய பின் அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பின்னின் சாய்ந்த தட்டை முகம் ஒவ்வொரு தயாரிப்பிலும் சற்று வேறு கோணத்தில் இருக்கும். ஆக்சிலில் தட்டையாக வெட்டியிருக்கும் முகத்தில் அது முழுதாகப் படிய வேண்டும். ஒரு விளிம்பு மட்டும் தொட்டால் அந்த விளிம்பு சில நாளில் நசுங்கும், மறுபடி 'டொக்'.

தட்டை முகத்தில் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசுங்கள். பின்னைச் செருகி லேசாகத் தட்டி, திரும்ப எடுத்துப் பாருங்கள். ஆக்சில் தொட்ட இடத்தில் மட்டும் கறுப்பு அழிந்து இரும்பு மின்னும். மின்னும் இடத்தை மட்டும் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடி பூசி, செருகி, பாருங்கள். ஆறேழு தடவை செய்தால் மினுக்கம் ஒரு மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து முகம் முழுக்கப் பரவும். அரத்தை ஆட்டாமல் ஒரே மட்டமாக இழுங்கள், முகம் உருண்டுவிடக் கூடாது.

எவ்வளவு ராவலாம்? அடித்து இறக்கிய பிறகு வாஷர், நட்டு போட்டு, ஒன்றிரண்டு மரை வெளியே தெரிந்தால் சரி. மரையில்லாத பகுதியே ஓட்டையைத் தாண்டி வெளியே வந்துவிட்டால் அதிகம் ராவிவிட்டீர்கள், நட்டு முட்டிக்கொள்ளும், பின் இறுகாது. அந்தப் பின்னைத் தூக்கிப் போடுங்கள். இரண்டு பின்னையும் ஒரே அளவுக்கு ராவ வேண்டும். இல்லாவிட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது.

படி 6: மாட்டுவது

பின்னில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருந்தால் அடுத்த தடவை எளிதில் வரும். கெட்டி கிரீஸ் வேண்டாம். வலது கிராங்கை முன்னோக்கிப் படுக்கையாக வைத்தால் நட்டு எந்தப் பக்கமோ, இடது கிராங்கை அதேபோல் முன்னோக்கி வைக்கும்போதும் அதே பக்கம் வர வேண்டும். இதை மாற்றிப் போட்டால் கிராங்குகள் கோணலாக நிற்கும்.

மறுபடி பைப்பை அடியில் கொடுங்கள். இந்த முறை மரைமுனை பைப்புக்குள், தலை மேலே. தலையில் இரண்டு மூன்று கனமான அடி. சத்தத்தைக் கவனியுங்கள். முதல் அடி மந்தமாகக் கேட்கும், பின் முழுதாகப் படிந்ததும் 'கிண்' என்று மாறும். அதற்கு மேல் அடிக்காதீர்கள்.

பிறகுதான் நட்டு. பின்னை இழுத்து இறக்குவது நட்டின் வேலையே கிடையாது. நட்டைத் திருகியே இறக்கப் பார்ப்பவர்கள் மரையை உருவிவிடுவார்கள். அடித்து இறக்கிய பின் நழுவாமல் பிடித்துக்கொள்ளும் அளவு இறுக்கம் போதும்.

செயினைப் பூட்டும்போது இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல் செயினின் நடுவில் விரலால் ஆட்டினால் அரை அங்குலம் அசைந்தால் சரி. செயின் வீலை முழுச் சுற்று சுற்றி, மிக இறுகும் இடத்தில் வைத்து இதைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்த்த முதல் இருபது, முப்பது கிலோமீட்டரில் பின் இன்னும் கொஞ்சம் படியும். அப்போது பைப்பை வைத்துத் தலையில் மறுபடி ஒரு அடி கொடுத்து, நட்டைக் கால் சுற்று பிடியுங்கள். ஒரு வாரம் கழித்து நட்டை இன்னொரு தடவை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். அப்போதும் நகர்ந்தால் பின் முகம் முழுதாகப் படியவில்லை. கழற்றி, கறுப்பு பூசி, படி 5-லிருந்து தொடங்குங்கள்.